நடைக்கு ஐந்தடி

மகன் மலாக்கா பக்கம் ஆயர் குரோவில் வாங்கிப் போட்டிருக்கும் நிலத்தில் வீடு கட்டப் போகிறான். பிளான் தாளைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு கோப்பையை வைத்து அழுத்திக்கொண்டு, மூன்று வாரமாக அவனும் மருமகளும் ஒரே வாக்குவாதம். வாசலிலிருந்து பின்பக்கம் போகும் நடை அகலமாக இருக்க வேண்டும் என்கிறான் அவன். வெறுமனே நடந்து போவதற்கா அவ்வளவு இடம், அதைச் சமையலறையோடு சேர்த்தால் ஒரு மேசையாவது போடலாமே என்கிறாள் அவள். நேற்று இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் வந்தார்கள். "அம்மா, நீங்களே சொல்லுங்க லா" என்றாள் மருமகள். தலைவலி என்று சொல்லிவிட்டு நான் போய்ப் படுத்துக்கொண்டேன். தலை ஒன்றும் வலிக்கவில்லை. ஒரு வீட்டின் நடை எத்தனை அடி என்பதை நான் ஏற்கெனவே ஒருமுறை தீர்மானித்திருக்கிறேன். ஒரு பிறவிக்கு அது போதும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கம் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒதுக்குப்புறமாக, வரிசையாக ஒட்டிக் கட்டியிருந்த லயத்தில் குடியிருந்தோம். காட்டிலிருக்கிறவர்களுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடுவோமாம். அதனால் எல்லோரும் லயத்தைக் காலி செய்துவிட்டு, ரப்பர்ப் பால் கொட்டகைக்குப் பக்கத்தில் முள்கம்பி வேலிக்குள் வந்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்களுக்கே அளந்துதான் அரிசி கிடைத்தது. அடுத்தவருக்குக் கொடுக்கும் அளவுக்கு எங்களை வசதியானவர்களாக யாரோ நினைத்தார்களே என்று அப்பா ஒருமுறை சொன்னார்.

மரம், பலகை, கூரைக்கு அத்தாப்பு ஓலை எல்லாம் தோட்டமே கொடுக்கும். வீடு பதினாலு அடி அகலம், இருபது அடி நீளம். அதற்கு மேல் ஒரு சாண் கிடையாது. "உள்ளே எப்படித் தடுத்துக்கிறீங்களோ, அது உங்க இஷ்டம்" என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி, காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் படித்துச் சொன்னார். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஓர் இஷ்டம் கொடுக்கப்பட்டது. அன்றைக்குப் பிடித்தது சனியன்.

அப்பாவின் திட்டம் எளிமையானது. வலப்பக்கம் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரைக்கும் ஒரே நேராக நடை. இடப்பக்கம் முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி. நடைக்கு ஐந்தடி. மிச்சம் ஒன்பது அடி அறைக்கும் அடுப்படிக்கும். அம்மாவின் திட்டம் அதைவிட எளிமையானது. நடைக்கு மூன்றடி போதும், மிச்சமெல்லாம் அடுப்படிக்கு.

அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. லயத்தில் அடுப்பு வீட்டுக்குப் பின்னால் திறந்த வெளியில் இருந்தது. அம்மி ஒரு பக்கம், ஆட்டுக்கல் ஒரு பக்கம், விறகு ஒரு பக்கம் என்று எல்லாம் தாராளமாக இருந்தன. வேலிக்குள் போனால் ஊரடங்குச் சங்கு ஊதியதும் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அம்மி, ஆட்டுக்கல், விறகு, தண்ணீர் டிரம், அரிசிப் பெட்டி எல்லாம் கூரைக்குள்ளே வர வேண்டும். அப்புறம் அம்மாவும் வர வேண்டும்.

"நடையில என்ன நாட்டியமா ஆடப் போறீங்க? அஞ்சடி எதுக்கு?"

"காத்து வரணும் புள்ள."

"காத்தத் தின்ன முடியுமா?"

அப்பா ஐந்தடியிலிருந்து இறங்கவில்லை. விடியுமுன் பெரட்டு, பிறகு பால் வெட்டு, வெயில் ஏறியதும் பால் எடுத்துக் கொட்டகையில் நிறுத்துக் கொடுப்பது, அதன்பிறகு வேலிக்குள் போய் மண்ணைச் சமன்செய்து வீட்டு வேலை, சங்கு ஊதுமுன் லயத்துக்கு ஓட்டம். அம்மாவுக்கும் அதே மரம், அதே வாளி, கூடவே சமையலும். இரண்டு பேருக்கும் சண்டை போடத் தெம்பில்லை. அதனால் அந்தச் சண்டை தெம்பில்லாமலே நடந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மா "மூணடி" என்பார். கையைக் கழுவிக்கொண்டே அப்பா "அஞ்சடி" என்பார். சத்தம்கூட எழாது. சத்தமாக ஒருநாள் சண்டை போட்டிருந்தால் முடிந்திருக்குமோ என்னவோ.

காற்று என்று அப்பா சொன்னது பொய். அந்த நடை என் சித்தப்பாவுக்காக. அப்பாவின் ஒரே தம்பி. தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசினார் என்று அவரைப் பிடித்துக்கொண்டு போய், விசாரணை எதுவும் இல்லாமல் ஏதோ ஒரு முகாமில் அடைத்துவைத்திருந்தார்கள். அவர் அங்கே போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வெளியூரில் வேலை செய்கிறார் என்றுதான் எனக்கும் தம்பிகளுக்கும் சொல்லியிருந்தார்கள். வெளியே வந்தால் அவர் வந்து படுக்க அண்ணன் வீட்டைத் தவிர உலகத்தில் வேறு இடமில்லை. அவருக்காக இன்னோர் அறை வேண்டும் என்று கிராணியிடம் கேட்க முடியாது. வீட்டில் இத்தனை பேர் என்று எழுதிய பட்டியல் ஆபீசில் இருந்தது, அதில் அவர் பெயர் இல்லை. நடை என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பாய்க்கு இரண்டரை அடி, பக்கத்தில் மற்றவர்கள் நடந்து போக இரண்டரை அடி. அப்பாவின் கணக்கு அவ்வளவுதான்.

பக்கத்தில் ஏன் வழி விட வேண்டும் என்று எங்கள் ஆட்கள் யாரும் கேட்கமாட்டார்கள். படுத்திருக்கிறவரைத் தாண்டக் கூடாது. பிள்ளையைத் தாண்டினால் பிள்ளை வளராது, பெரியவரைத் தாண்டினால் ஆயுசு குறையும். கொழுந்தனை அண்ணி தாண்டுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. தெரியாமல் தாண்டிவிட்டால், வந்த வழியே திரும்பத் தாண்டிச் சரிசெய்ய வேண்டும். அறையிலிருந்து அடுப்படிக்குப் போனாலும், கொல்லைக்குப் போனாலும் அந்த நடை வழியாகத்தான் போக வேண்டும்.

அம்மாவுக்கு இது தெரியுமா? தெரிந்துதான் இருந்திருக்கும். அப்பா வாயால் சொல்லாததை அம்மா சோற்றுப் பானையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அப்படியானால் அவர் உண்மையிலேயே அடுப்படிக்காகத்தான் மல்லுக்கு நின்றாரா? இல்லை, முகாமிலிருந்து வருகிறவர் பின்னாலேயே மாத்தா என்கிற போலீசும் வீட்டுக்குள் வரும், மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற பயத்தாலா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவு வரவில்லை. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டுக்கல்தான். மாவாட்டுவது என் வேலை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா முளையடித்துவிட்டார். நடைக்கும் அடுப்படிக்கும் நடுவே நான்கு முளை, அவற்றை இணைத்து ஒரு கயிறு. ரப்பர்க் கிளை ஒன்றைச் சரியாக ஐந்தடிக்கு வெட்டி, அதை அளவுகோலாக வைத்துக்கொண்டார். ஒவ்வொரு முளையிலும் அந்தக் குச்சியை வைத்துப் பார்த்தார். அம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம், அடுப்படி வரப்போகிற இடத்தில் வெறும் மண்ணில் உட்கார்ந்தார். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இல்லாத அம்மியில் இல்லாத மிளகாயை அரைத்துப் பார்த்தார். முழங்கை கயிற்றில் இடித்தது. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். முதுகுப்பக்கம், தண்ணீர் டிரம் வர வேண்டிய இடத்துக்குள் போய்விட்டது. எழுந்து புடவையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு நடந்தார். கோபத்தில் நடந்திருந்தால் நான் பின்னாலேயே ஓடியிருப்பேன். அவர் களைத்துப்போய் நடந்தார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அப்பா அத்தாப்பு இறக்கப் போயிருந்தார். நான் ஒரு கல்லை எடுத்தேன். முதல் முளையைப் பிடுங்கி, அங்கிருந்து நடைப்பக்கமாக என் காலால் இரண்டடி, குதிகால் பெருவிரலில் முட்டும்படி வைத்து அளந்து, அங்கே அடித்தேன். அதே மாதிரி மற்ற மூன்றையும் செய்தேன். கயிற்றை இறுக்கிக் கட்டினேன். பழைய குழிகளை மண் தள்ளி மூடி மிதித்தேன். என் கால் சின்னது. இரண்டடி என்பது அளவுகோலில் ஒன்றேகால் அடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அம்மா கேட்ட இரண்டடியைக் கொடுத்துவிட்டதாகவே நான் நினைத்தேன். சண்டை ஓய்ந்துவிடும், எனக்கும் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் காலை நீட்ட இடம் கிடைக்கும். உண்மையைச் சொல்கிறேன், என் காலும் என் நினைப்பில் இருந்தது.

மறுநாள் காலை அப்பாவும் அம்மாவும் மரத்துக்குப் போயிருந்த நேரத்தில் தோட்டத்துச் சீனத் தச்சர்கள் இரண்டு பேர் வந்து, முளை இருந்த இடத்தில் குழி தோண்டித் தூண்களை நட்டுவிட்டார்கள். மொத்தம் எழுபது வீட்டுக்கு அவர்கள் தூண் நட வேண்டியிருந்தது. யார் வீட்டு நடை எத்தனை அடி என்று அவர்களுக்கு என்ன கவலை?

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே ஓடினேன். அப்பாவும் அம்மாவும் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். அப்பா தூண்களுக்கு நடுவே நின்று நடையில் முன்னும் பின்னுமாக ஒருமுறை நடந்தார். பிறகு குச்சியை எடுத்தார். குச்சியின் ஒரு நுனியைச் சுவர் வரப்போகிற தூணில் வைத்தார். மறு நுனியைச் சாய்த்து எதிர்த் தூணில் வைத்தார். இரண்டு நுனியும் இரண்டு தூணிலும் தொட்டன. நான் மூச்சு விட்டேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்படிக்குள் நின்று, டிரம் எங்கே, அரிசிப் பெட்டி எங்கே என்று கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தச்சர்களில் ஒருவர், சரியா என்று மலாயில் கேட்டார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார் அப்பா. குச்சியைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

அந்த வாரமே குடிவந்துவிட்டோம். பழைய லயத்துக்கு எங்கள் கண்முன்னாலேயே நெருப்பு வைத்தார்கள். புது வீட்டில் முதல் சமையல் கருவாட்டுக் குழம்பு. பெரிய துண்டு வழக்கமாகத் தம்பிகளுக்குப் போகும், அன்று அப்பாவின் தட்டில் விழுந்தது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அப்பா தலையைத் தூக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு பெரியவர்களால் முடியாததை ஒரு கல்லை வைத்து முடித்துவிட்டேன் அல்லவா!

சித்தப்பா ஆறு மாதம் கழித்து வந்தார். ஒரு மத்தியானம் கேட்டில் நின்ற காவலாளி அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா போய், ஒல்லியாக ஒருவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு துணிப் பை. என்னைப் பார்த்து, "பாப்பா வளந்துடுச்சே" என்றார். அம்மா முதலில் அவருக்குச் சோறு போட்டார். பிறகுதான் உள்ளே போய் அழுதார்.

நடையில் பாய் விரித்தார்கள். பாய் விரித்த பிறகு ஓரமாக ஓரடிதான் மிஞ்சியது. அந்த ஓரடியிலும் பால் வாளிகளும், வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்பும், அப்பாவின் சைக்கிளும் நின்றன. வெளியே விட முடியாது, எல்லாம் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம். விடியற்காலையில் முதலில் எழுகிறவர் அம்மா. அறைக் கதவைத் திறந்தால் குறுக்கே கொழுந்தன் படுத்திருப்பார். எழுப்பவும் மனம் வராது, தாண்டவும் கூடாது. பெரட்டுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். அம்மா கதவுக்கு உள்ளேயே நின்று வளையலை லேசாக அசைப்பார். நான்கைந்து நாளில் அதற்கு அவசியமில்லாமல் போயிற்று. அம்மா எழுவதற்கு முன்பே சித்தப்பா பாயைச் சுருட்டிவிட்டுப் பின்படியில் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தால்கூட யாராவது வரும் சத்தம் கேட்டதும் சட்டென்று காலை மடக்கிக்கொள்வார். முகாமில் பழகிய பழக்கம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒருநாள் சாயங்காலம் சின்னத் தம்பி பட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவன், படுத்திருந்த சித்தப்பாவை ஒரே தாவில் தாண்டிவிட்டான். அப்பா அங்கேயே நின்றிருந்தார். எங்கள் யார்மீதும் கை நீட்டாத அப்பா, அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"திரும்பத் தாண்டுடா!"

தம்பி அழுதுகொண்டே திரும்பத் தாண்டினான். சித்தப்பா எழுந்து அவனை மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

"விடுண்ணே. இனிமே நான் எங்க வளரப் போறேன்?"

எல்லோரும் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்காமல் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் கடலோரத்து உம்பாயில் மீன் வாங்கி விற்கும் சீன முதலாளி தவுக்கே ஒருவரிடம் வேலை கிடைத்திருக்கிறது, படகுக் கொட்டகையிலேயே தங்கிக்கொள்ளலாம், கடற்காற்று நன்றாக வருகிறது என்று சித்தப்பா சொன்னார். வந்தபோது கொண்டுவந்த அதே துணிப் பையை எடுத்துக்கொண்டார். தீபாவளிக்கு இரண்டு முறை வந்தார். பிறகு எங்களிடம் வராமல் அப்படியே போய் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவது வரவில்லை.

அவர் எங்கள் நடையால்தான் போனார் என்று யாரும் சொல்லவில்லை. வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனால் அவர் காலை மடக்கிக்கொண்டது என் ஒன்றேகால் அடியினால்தான். அதை நான் புரிந்துகொண்டது எனக்குக் கல்யாணமாகி, நான் ஒரு வீட்டில் பாய் விரித்த பிறகு.

அப்பா கடைசியாக மலாக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு மத்தியானம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். பேச்சு எப்படியோ வேலிக்குள் இருந்த அந்த வீட்டுக்குப் போயிற்று.

"முளைய உங்கம்மாதான் நவுத்துனா" என்றார். "நான் பாத்தவுடனே தெரிஞ்சுக்கிட்டேன். கேட்டுருந்தா ஒரு அரையடி நானே குடுத்துருப்பேன். கேக்காம செஞ்சுட்டா. போவுது. அவளுக்கும் புள்ளைங்கள நெனச்சு பயம். நீ அவகிட்ட ஒண்ணும் கேட்டுக்காத."

இல்லை அப்பா, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. முப்பது வருடமாக அவர் அம்மாவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததும், அம்மா தூக்கிக் கொடுக்கிற தட்டை முகம் பார்க்காமல் வாங்கிக்கொண்டதும் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. கஷ்டப்பட்டு மன்னித்துவிட்டுப் படுத்திருக்கிற மனிதரிடம், நீங்கள் தப்பான ஆளை மன்னித்துவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது? தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

அம்மா அதன்பிறகு பதினோரு வருடம் இருந்தார். பேரப்பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் ஒரே கதையைத்தான் சொல்வார். "ஒங்க தாத்தா ஆசையா ஒரு வார்த்த பேசுனவரு இல்ல. ஆனா எனக்காக ஒண்ணு செஞ்சாரு. அஞ்சடி அஞ்சடின்னு அடம் புடிச்ச மனுசன், யாருக்கும் தெரியாம முளையத் தள்ளி அடிச்சு, எனக்கு அடுப்படியப் பெருசாக்கிக் குடுத்தாரு. கடைசி வரைக்கும் தான் செஞ்சதா ஒரு வார்த்த சொல்லல." சொல்லும்போது முகத்தில் கருவாட்டுக் குழம்பு வைத்த நாளின் வெளிச்சம் வந்துவிடும். அவரிடமும் நான் சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதற்கும் அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான், அதையும் பிடுங்க எனக்கு மனம் இல்லை.

மகன் இன்றைக்கும் பிளானை விரித்துவைத்திருக்கிறான். ஐந்தடிக் குச்சி ஒன்றை நான்கடிகூட இல்லாத இடத்தில் சாய்த்தால்தான் இரண்டு பக்கமும் தொடும் என்பது அவனுக்கு, ஏன், இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும். அப்பாவுக்கும் அது தெரியும் என்பதுதான் அன்று எனக்குத் தெரியவில்லை. தச்சர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா குச்சியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு "சரியாத்தான் இருக்கு" என்றபோது, பாவம், அப்பாவுக்கு ஒழுங்காக அளக்கத் தெரியவில்லை என்றுதான் நான் நினைத்தேன். சிரிப்புக்கூட வந்தது.